விலாசம் தொலைந்த கல்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையன் ஹாலில் உட்கார்ந்து மாஸ் எஃபெக்ட் ஆடிக்கொண்டிருந்தான். 2007இல் முதல் பாகம் வந்த விளையாட்டு. வந்த புதிதில் நானும் ராத்திரி ராத்திரியாக ஆடியதுதான், அதனால் காப்பி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கதை ஆரம்பிப்பதே ஒரு பழைய பொருளில்தான். ஈடன் பிரைம் என்ற கிரகத்தில் மண்ணைத் தோண்டும்போது ஒரு கம்பம் கிடைக்கும். ப்ரோத்தியன் என்ற அழிந்துபோன இனம் விட்டுவிட்டுப் போன பீக்கன். நம்ம ஹீரோ ஷெப்பர்ட் கிட்டே போனதும் அது அவரை அப்படியே மேலே தூக்கி, மொத்தச் செய்தியையும் மண்டைக்குள் கொட்டிவிடும். ஒரு நாகரிகம் எப்படிச் செத்தது என்பது முழுக்க, ஒரே டவுன்லோடில்.

"இது எத்தனை வருஷம் பழசுடா?" என்றேன்.

"50 ஆயிரம் வருஷம்ப்பா. செம்ம பழசு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் ஷோகேஸ் கீழ்த்தட்டில் இருந்த ஒரு கல்லை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தேன். அவன் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கல்தான். அரைக் கிலோ இருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் கூர், பெரிய பாதாம் பருப்பு மாதிரி. "இதுவும் ஒரு பழைய டெக்னாலஜிதான். உன் பீக்கனைவிட மிகக்கூடப் பழசா இருக்கலாம்" என்றேன். அவன் பாஸ் பட்டனை அழுத்திவிட்டுக் கேட்டான்: "எவ்ளோ பழசு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அது தெரியாமல் போனது முழுக்க முழுக்க என் தப்பு. இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான். ஆனால் முதலில் கல்லின் கதை.

ஆவடியில் இருப்பவர்களுக்கே பலருக்குத் தெரியாது. நம்ம ஊரிலிருந்து நேர்கோடு போட்டால் 30 கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில், திருவள்ளூர் தாண்டி, பூண்டி ஏரியைத் தாண்டி, அத்திரம்பாக்கம் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மனிதக் கையால் செய்த பொருட்களில் இந்தியாவில் இதுவரை காலம் கணிக்கப்பட்ட மிகப் பழையவற்றில் ஒரு தொகுதி அங்கேதான் கிடைத்தது. ஆவடி என்றால் டாங்க் பேக்டரி என்று சொல்லுவோம். அங்கே டாங்க் செய்ய ஆரம்பித்து 60 வருஷம்தான் ஆகிறது. அதே வெயிலில், அதே செம்மண்ணில், கருவி செய்யும் தொழில் ஏறக்குறைய 15 லட்சம் வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது.

இந்தக் கதையில் முதலில் வருபவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834இல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1858இல் இந்திய நிலவியல் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில், ராணுவப் பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்காகத் தோண்டியிருந்த ஒரு குழியில், தட்டிச் செதுக்கிய ஒரு கல்லைப் பார்த்தார். மே 30, பல்லாவரம், சரளைக் குழி! கத்திரி வெயிலில் வேலை பார்த்திருக்கிறார் மனுஷன். அப்போது அவருக்கு 28 வயசு.

அந்தக் குழியைக் கடந்துபோன ஆயிரம் பேருக்குக் கல்லாகத் தெரிந்தது இவருக்கு மட்டும் கருவியாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. நாலு வருஷம் முன்புதான், 1859இல், பிரான்ஸின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த செதுக்கிய கற்கள் உண்மையிலேயே மனிதர்கள் செய்தவை, அழிந்துபோன மிருகங்களின் எலும்போடு சேர்ந்தே கிடப்பவை என்று ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். டார்வினின் புத்தகம் வந்ததும் அதே வருஷம். மனிதனுக்கு வயசு பைபிள் கணக்குப்படி 6 ஆயிரம் வருஷம்தான் என்ற நம்பிக்கை ஆட்டம் காண ஆரம்பித்த நேரம். ஃபூட் இதையெல்லாம் படித்து வைத்திருந்தார். பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் கல் கருவியாகிறது.

அதே செப்டம்பர் மாசம் அவரும் வில்லியம் கிங் என்ற சக நிலவியலாளரும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போய் அத்திரம்பாக்கத்து ஓடையில் கை நிறையக் கருவிகளை எடுத்தார்கள். இந்த கிங்கைப் பற்றி ஒரு சின்ன துணுக்கு சொல்லாமல் போக மனசு வரவில்லை. இவருடைய அப்பா பெயரும் வில்லியம் கிங்தான், அயர்லாந்தில் கால்வே கல்லூரியில் பேராசிரியர். ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த விநோத மண்டையோடு நம்மைவிட வேறான ஒரு மனித இனத்துடையது என்று சொல்லி, நியாண்டர்தால் மனிதன் என்ற அறிவியல் பெயரை முன்வைத்தவர் அவர்தான். அதை அவர் சபையில் பேசியதும் 1863தான். அப்பா அங்கே இன்னொரு மனித இனத்துக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருக்க, பிள்ளை இங்கே திருவள்ளூர்ப் பக்கத்தில், ஏறக்குறைய நிச்சயமாக நம் இனத்தைச் சேராத யாரோ செய்த கருவியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ரெண்டு பேருக்குமே தாங்கள் கையில் வைத்திருப்பதன் வயசு தெரியாது.

அந்தக் கருவிக்குக் கைக்கோடாரி என்று பெயர். கோடாரி என்றதும் காம்பு தேடாதீர்கள். காம்பே கிடையாது, தடித்த பக்கத்தைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். உலக அளவில் இந்த வகையை அஷூலியன் என்கிறார்கள். பிரான்ஸில் செயின்ட் அஷூல் என்ற இடத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். நம்ம ஊர்ப் பெயரும் கொஞ்ச காலம் ஓடியது. 1930களில் பேட்டர்சனும் வி.டி. கிருஷ்ணசாமியும் கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளை ஆராய்ந்த பிறகு, தென்னிந்தியக் கைக்கோடாரி மரபையே 'மெட்ராஸ்' மரபு என்று புத்தகங்களில் எழுதினார்கள்.

இங்கே கல் பெரும்பாலும் குவார்ட்சைட். மணல்கல் பூமிக்குள் வெந்து இறுகிப்போனால் குவார்ட்சைட். அல்லிக்குழி மலைப் பக்கம் உருண்டைக் கற்களாக நிறையக் கிடக்கும். தட்டினால் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகப் பெயரும், ஆனால் கண்ணாடி மாதிரி சொன்னபடி கேட்காது. நான் ஒரு தடவை மொட்டைமாடியில் முயற்சி செய்தேன். எங்கே அடித்தால் எந்தப் பக்கம் சில்லு பெயரும் என்று ஓர் ஊகம் இருக்க வேண்டும். விளிம்பில், சாய்வாக, சரியான வேகத்தில் அடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது கொஞ்சம் ஜல்லியும், கட்டைவிரலில் நாலு நாள் கட்டும்.

அப்போதுதான் கைக்கோடாரியின் அருமை புரிந்தது. இதில் இருபது முப்பது அடி, ஒவ்வொரு அடியும் அடுத்த அடிக்கான விளிம்பைத் தயார் செய்கிறது. ரெண்டு முகத்திலும் மாறி மாறிப் பெயர்த்து, கடைசியில் இடமும் வலமும் ஏறக்குறைய ஒத்துப்போகும் ஒரு வடிவம் வருகிறது. செய்யும் முன்பே முடிந்த வடிவம் மனசில் இருந்தால் ஒழிய இது நடக்காது. எங்க வேலையில் இதை டிசைன் என்போம்.

இன்னொரு விஷயம் அத்திரம்பாக்கத்தில் தெரிகிறது. கருவிகள் புதைந்திருந்த அடிக் களிமண் மட்டத்தில் அந்த அளவு பெரிய உருண்டைக் கற்களே இயற்கையாக இல்லை. ஆரம்பத்தில் உடைத்த பெரிய துண்டுகளின் கழிவும் அங்கே இல்லை. அப்படியென்றால் வேறெங்கோ கல்லைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே பெரிய சில்லாகப் பெயர்த்து, தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இன்னும் வராத தேவைக்காக, இங்கே இல்லாத பொருளை, முன்கூட்டியே சுமந்து வருவது. நாய், பூனை, ஏன் நம்மில் பலருமே செய்யாத காரியம்.

சரி, வயசு? ஃபூட் கண்டெடுத்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு இதற்கு உருப்படியான பதில் இல்லை. பழசு, ரொம்பப் பழசு, அவ்வளவுதான். சில லட்சம் வருஷம் இருக்கலாம் என்று ஊகம். கல்லுக்கு வயசு பார்ப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: குவார்ட்சைட் பாறையின் வயசு பல கோடி வருஷம். அது நமக்குத் தேவையில்லை. அதை எப்போது ஒரு கை எடுத்துத் தட்டியது என்பதுதான் தேவை, அந்த நேரம் கல்லுக்குள் எங்கேயும் எழுதப்படுவதில்லை. எங்க பாஷையில் சொன்னால், ஃபைல் இருக்கிறது, டைம்ஸ்டாம்ப் இல்லை.

1999இல் சாந்தி பப்புவும், அவரோடு குமார் அகிலேஷும், சென்னையின் சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு தொடங்கினார்கள். வருஷக்கணக்கில் நடந்த வேலை. ஏறக்குறைய 9 மீட்டர் ஆழம்வரை போனார்கள். கல்லை எடுப்பதைவிட, கல் எந்த மண் அடுக்கில், எந்த ஆழத்தில், எந்தச் சாய்வில் கிடந்தது என்று பதிவதுதான் இந்த வேலையில் பாதி. அடியில் இருந்த அஷூலியன் அடுக்குகளில் மட்டும் 3,500க்கு மேல் கருவிகளும் சில்லுகளும். 2011 மார்ச்சில் முடிவு சயின்ஸ் இதழில் வந்தது. அவர்கள் பயன்படுத்திய ரெண்டு கடிகாரங்களையும் விளக்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ரெண்டும் அவ்வளவு அழகு.

முதல் கடிகாரம் பூமியின் காந்தம். பூமியின் வட தென் காந்த முனைகள் அவ்வப்போது இடம் மாறுகின்றன. கடைசியாக மாறியது ஏறக்குறைய 7.8 லட்சம் வருஷம் முன்பு. வெள்ளத்தில் வரும் நுண்ணிய களிமண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அப்போதைய காந்தத் திசையில் திரும்பிப் படிகின்றன, படிந்தது படிந்ததுதான். அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்குகளில் அந்தத் திசை தலைகீழாக இருந்தது. அப்படியானால் அவை 7.8 லட்சம் வருஷத்துக்கும் முந்தியவை. எவ்வளவு முந்தியவை என்று இந்தக் கடிகாரம் சொல்லாது.

ரெண்டாவது கடிகாரம் விண்வெளியிலிருந்து வருகிறது. மேலே திறந்து கிடக்கும் கல்லை நட்சத்திர மண்டலத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் தாக்குகின்றன. அதனால் கல்லில் உள்ள குவார்ட்ஸுக்குள் ரெண்டு அபூர்வ அணுக்கள் உருவாகின்றன: அலுமினியம் 26, பெரிலியம் 10. ரெண்டும் கதிரியக்கத்தால் தேய்பவை. வெளியே கிடக்கும்வரை ரெண்டும் ஏறக்குறைய 7க்கு 1 என்ற விகிதத்தில் சேரும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, உற்பத்தி நின்றுவிடும். இனி தேய்மானம் மட்டும்தான். அலுமினியம் 26 பாதியாவதற்கு 7 லட்சம் வருஷம் சொச்சம், பெரிலியம் 10க்கு 14 லட்சம் வருஷம் அளவில். ஒன்று வேகமாகத் தேய, இன்னொன்று மெதுவாகத் தேய, 7 ஆக இருந்த விகிதம் 6, 5, 4 என்று இறங்கிக்கொண்டே வரும். இன்று அளந்து பார்த்தால் புதைந்து எத்தனை காலம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். நான் ஒரு சின்ன பைதான் நிரலில் போட்டுப் பார்த்தேன், 15 லட்சம் வருஷத்துக்கு விகிதம் 3க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கால்குலேட்டரே போதும், பழக்கதோஷம்.

அத்திரம்பாக்கத்தில் இந்த முறையில் அளக்கப்பட்டவை அந்தக் கருவிகளின் குவார்ட்ஸ்தான். கிடைத்த சராசரி 15.1 லட்சம் வருஷம், கூடக் குறைய 70 ஆயிரம். எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்குப் போட்டாலும் 10.7 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. கர்நாடகத்தின் ஈசாம்பூரில் 12 லட்சம் என்று ஒரு கணிப்பு ஏற்கெனவே இருந்தது, ஆனால் இந்தியாவில் கைக்கோடாரி அவ்வளவு பழசு என்று பலரும் முழுசாக நம்பவில்லை. கென்யாவில் கிடைத்த மிகப் பழைய கைக்கோடாரிகளுக்கே 17.6 லட்சம்தான். ஆப்பிரிக்காவில் பிறந்த தொழில்நுட்பம் நடந்தே திருவள்ளூர் வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் நாம் நினைத்ததைவிடக் குறைவு.

ஒப்பிட்டுப் பாருங்கள். மாஸ் எஃபெக்ட்டில் 50 ஆயிரம் வருஷம். ஹேலோ விளையாட்டில் ஃபோர்ரன்னர்கள் விட்டுப்போன வளையங்கள் ஏறக்குறைய 1 லட்சம் வருஷம். கதை எழுதுகிறவர்கள் 'கற்பனைக்கெட்டாத பழமை' என்று நினைத்து எழுதியது இவ்வளவுதான். ப்ரோத்தியன் காலத்தைப் போல 30 மடங்கு பழமை நம்ம வீட்டுக்குப் பக்கத்தில் ஆவடி லோக்கல் போகும் திசையில் கிடக்கிறது.

என்னை ரொம்பப் படுத்திய விஷயம் ஒன்று. இந்த டிசைன் மாறவே இல்லை. அடி அடுக்கிலும் கைக்கோடாரி, பல லட்சம் வருஷம் கழித்தும் கைக்கோடாரி. நடுவில் ஆட்கள் தொடர்ச்சியாக அங்கேயே இருந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, வந்தார்கள், போனார்கள். ஆனாலும் வந்தபோதெல்லாம் அதே வடிவத்தைத்தான் செய்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இருபது சொச்சம் வருஷத்தில் நான் எழுதிய நிரல்களில் ஓடிக்கொண்டிருப்பது எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள். மாறாமல் இருந்தது புத்திசாலித்தனக் குறைவாலா, போதும் என்பதாலா, குருவிக்குக் கூடு போல ரத்தத்திலேயே ஊறியதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு என்னமோ பார்த்துப் பழகிய தொழில் என்றுதான் தோன்றுகிறது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து தட்டுவதைப் பார்க்காமல் அந்தக் கை வராது. என் கட்டைவிரல் சாட்சி.

அப்புறம் மாறியது. அதே அகழாய்வின் மேல் அடுக்குகளைப் பற்றி 2018இல் நேச்சர் இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. 7,200க்கு மேல் கருவிகள். அங்கே கைக்கோடாரி மெல்ல மெல்ல ஓய்கிறது, சின்னச் சின்னச் சில்லுக் கருவிகள் வருகின்றன, லெவல்லுவா என்ற புது முறை வருகிறது. பழைய முறையில் கல்லைச் செதுக்கிச் செதுக்கிக் கல்லே கருவியாகும், சில்லு கழிவு. புது முறையில் தலைகீழ்: ஒரு கல்லின் முதுகை ஆமை ஓடு மாதிரி முதலில் பக்குவப்படுத்தி வைத்துவிட்டு, ஒரே ஓர் அடி. பெயர்ந்து விழும் சில்லு தான் கருவி, முன்பே திட்டமிட்ட அளவில், முன்பே திட்டமிட்ட கூரோடு. கருவி செய்வதிலிருந்து கருவி செய்யும் கருவியைச் செய்வதற்குப் போயிருக்கிறார்கள். இது வெறும் அடுத்த பதிப்பு கிடையாது, சிந்தனையே வேறு.

இந்த அடுக்குகளின் வயசை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் உதவியோடு ஒளி உமிழ்வு முறையில் கணித்தார்கள். மண்ணுக்குள் இருக்கும் மணல் துகள் சுற்றியுள்ள கதிரியக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் மொத்தமும் அழிந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இருட்டறையில் அளந்தால், கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று தெரியும். விடை: மாற்றம் தொடங்கியது 3.85 லட்சம் வருஷம் முன்பு, கூடக் குறைய 64 ஆயிரம். அது 1.72 லட்சம் வாக்கில்வரை தொடர்கிறது.

இதில்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஏனென்றால், அதுவரை பலருடைய எண்ணம், இந்த மாதிரி நுட்பமெல்லாம் நவீன மனிதர்கள், அதாவது நாம், ஏறக்குறைய 1.25 லட்சம் வருஷத்துக்கு முன்போ அதற்குப் பிறகோ ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்தபோது மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது என்பது. மொராக்கோவில் கிடைத்த, நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளே 3 லட்சம் வருஷ அளவுதான். அப்படியிருக்க 3.85 லட்சத்தில் இங்கே ஆரம்பித்தது யார்? ஏற்கெனவே இங்கே இருந்தவர்களே கண்டுபிடித்தார்களா, முன்னதாகவே வேறொரு கூட்டம் வந்ததா? அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கருவி இருக்கிறது, ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா. '15 லட்சம் வருஷத்துக்கு முன்பே சென்னையில் தமிழன்' என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஃபார்வர்டு வருகிறது. பெரியப்பா அனுப்பினால் நான் ஒன்றும் சொல்வதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். 15 லட்சம் வருஷத்துக்கு முன்பு நம் இனமே கிடையாது, தமிழும் கிடையாது, வேறெந்த பாஷையும் இன்றைய அர்த்தத்தில் கிடையாது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நம் இனமே இல்லாத யாரோ ஒருவர், நம்ம ஆற்றங்கரையில் உட்கார்ந்து, மனசில் ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு தட்டியிருக்கிறார் என்பது, அவர் எங்க பங்காளி என்று சொல்வதைவிடப் பெரிய ஆச்சரியம்.

இப்போது என் கல்லுக்கு வருகிறேன்.

1999. பி.இ. படித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் ஆவடியில் லோக்கல் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, பஸ் பிடித்து பூண்டி போனோம். அணை பார்க்கத்தான் போனது. வெயில் தாங்காமல் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குள் நுழைந்தோம். கண்ணாடிப் பெட்டியில் வரிசையாகக் கைக்கோடாரிகள். வெளியே வந்து அந்தப் பக்கத்துக் கிராமச் சாலை ஒன்றில் சும்மா நடந்தபோது, சரிவில், முள்வேலிப் புதருக்குக் கீழே, அதே வடிவத்தில் ஒன்று. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். புதையல் எடுத்த சந்தோஷம். அத்திரம்பாக்கத்தில் ஒவ்வொரு கல்லையும் அளந்து எழுத ஆரம்பித்த அதே வருஷம்தான் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

வீட்டில் அம்மா அதைப் பார்த்தாங்க, "நல்ல கனமா இருக்கே" என்றாங்க. அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு கோடைக்காலம் மொட்டைமாடியில் வத்தல் வடகம் காயப்போடும் துணி பறக்காமல் இருக்க நாலு மூலைக்கு வைக்கும் கற்களில் அதுவும் ஒன்று. அதாவது, எத்தனையோ காலம் கழித்து மறுபடி காஸ்மிக் கதிர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. (அந்தப் பத்து வருஷத்தில் சேரும் அணுக்கள் கணக்கில் வராது, பயப்பட வேண்டாம்.) நாங்கள் வீடு கட்டிய பிறகு ஷோகேஸுக்குப் பதவி உயர்வு.

சில வருஷம் முன்பு, எங்க தெருவில் முன்னாடி குடியிருந்த ஓர் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாங்க. தொல்லியல் படித்தவங்க. பெருமையாகக் கல்லை எடுத்து நீட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாங்க. கைக்கோடாரிதான் என்றாங்க. அடுத்த கேள்வி:

"எங்க எடுத்த தம்பி?"

"பூண்டிப் பக்கம் அக்கா."

"பூண்டிப் பக்கம்னா?"

நான் முழித்தேன். எந்த ஊர், எந்தச் சாலை, ஏரிக்கு எந்தத் திசை. சரிவு என்றால் மேலேயிருந்து மழையில் உருண்டு வந்ததா, மண் வெட்டும்போது அடியிலிருந்து வெளியே வந்ததா. கூட வேறு கற்கள் இருந்தனவா. ஒன்றுக்கும் பதில் இல்லை. கூட வந்த நண்பர்களை அப்புறம் கேட்டேன், ஒருத்தன் அணையின் இந்தப் பக்கம் என்றான், இன்னொருத்தன் அந்தப் பக்கம் என்றான், மூணாவது ஆள் அன்றைக்குத் தான் வரவே இல்லை என்கிறான்.

"அப்ப இது வெறும் அழகான கல்லுதான்" என்று அக்கா திருப்பிக் கொடுத்தாங்க. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. விளையாட்டில் பீக்கனுக்குள் செய்தி இருக்கிறது. தொட்டால் வரும், எங்கே கொண்டுபோய் வைத்தாலும் வரும். நிஜக் கருவியில் செய்தி பொருளுக்குள் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அது கிடந்த மண்ணில். மேலே சொன்ன மூணு கடிகாரத்தையும் பாருங்கள். காந்தம் களிமண்ணில் இருக்கிறது. ஒளி மணலில் இருக்கிறது. கல்லுக்குள்ளேயே இருக்கும் அலுமினியம், பெரிலியம்கூட எவ்வளவு ஆழத்தில் எப்படிப் புதைந்திருந்தது என்று தெரிந்தால்தான் பேசும். நான் செய்தது சரித்திரப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தது கூடக் கிடையாது. பக்கத்திலிருந்து ஓர் எழுத்தை மட்டும் சுரண்டி எடுத்து ஷோகேஸில் வைத்தது.

ஃபூட்டும் மேற்பரப்பில் பொறுக்கியவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவர் சேர்த்ததை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவர் 1912இல் இறந்த பிறகு வந்த அட்டவணையில் பொருட்கள் ஊர் வாரியாக, மாவட்டம் வாரியாக இருக்கின்றன. 1863இல் பல்லாவரம் குழியில் எடுத்ததை இன்று நான் தேதியோடு எழுத முடிகிறது. 1999இல் நானே எடுத்ததை எழுத முடியவில்லை.

திருப்பிக் கொண்டுபோய் அங்கேயே போட்டுவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "ஐயோ, அதை மட்டும் பண்ணிடாத" என்றாங்க. இல்லாத இடத்தில் போட்டால், நாளைக்கு ஒருத்தர் அதைப் பார்த்து, குறித்து, அந்த இடத்தில் கருவி இருந்தது என்று எழுதுவார். தொலைத்த தகவல் ஒரு பங்கு பாவம் என்றால், பொய்த் தகவல் ரெண்டு பங்கு. டேட்டாபேஸில் காலியாக விடுவதற்கும், தோன்றியதை இட்டு நிரப்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதை எனக்கு அடுத்தவர் சொல்லித் தர வேண்டியிருந்தது.

இப்போது திருவள்ளூர்ப் பக்கம் போனால் மனசு அடித்துக்கொள்கிறது. திருநின்றவூர் தாண்டியும் மனைப் பிரிவுகள், செம்மண் நிரப்பிய லாரிகள். ஒரு குழி தோண்டினால்தான் கருவி வெளியே தெரியும், ஃபூட் பார்த்ததும் யாரோ சரளைக்காகத் தோண்டிய குழியைத்தான். அதே குழிதான் அடுக்கையும் கலைக்கிறது. அந்த மண் எந்த வீட்டு அஸ்திவாரத்துக்குள் போனதோ அங்கே கருவிகளும் போயிருக்கும். உங்களுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒன்று தென்பட்டால் தயவுசெய்து எடுக்காதீர்கள். கிடக்கும் நிலையிலேயே போனில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவையோ சாவியையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். போன் ஜிபிஎஸ் இடத்தைப் பதிந்துகொள்ளும். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். 1999இல் என்னிடம் போன் இல்லை, ஆனால் பையில் ஒரு பேனாவும் நோட்டும் இருந்தன.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஷெப்பர்ட் திரையில் அப்படியே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினோம், கல்லோடு சேர்த்துப் பூண்டியில் கொடுத்துவிடலாம் என்று. பொருள்: கைக்கோடாரி, குவார்ட்சைட். எடுத்த வருஷம்: 1999. இடம்: திருவள்ளூர் மாவட்டம், பூண்டி வட்டாரம், சரியான இடம் நினைவில்லை. நிலை: மேற்பரப்பு, சாலைச் சரிவு. உடன் கிடைத்தவை: கவனிக்கவில்லை. 1999க்குப் பின்: ஆவடியில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் சுமார் 12 ஆண்டு, பின் வீட்டுக்குள்.

அவன் படித்துப் பார்த்தான். "கடைசி வரியும் வேணுமாப்பா?"

வேணும் என்றேன். இந்தக் கல்லைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.